சத்தூசி

பெரியம்மா எங்கள் வீட்டுப் படலையைத் திறந்துகொண்டு முதன்முதலாக உள்ளே வந்தது தொண்ணூற்றாறாம் ஆண்டு. அதற்கு முன் ஒருநாளும் வந்ததில்லை. தன் தங்கையை, அதாவது என் அம்மாவை, வன்னியில் குளத்துக் குடியேற்றக் காணியொன்றில் நெல் விதைக்கிற மனிதருக்குக் கட்டிக்கொடுத்தது குடும்பத்துக்கு வந்த இழுக்கு என்று அவர் நினைத்தார். நினைத்ததோடு நிற்காமல் போகிற கலியாண வீடுகளிலெல்லாம் சொல்லியும் வந்தார். பிறகு யாழ்ப்பாணம் இடம்பெயர்ந்தது. சனம் கடல்நீரேரியைக் கடந்து வன்னிக்கு வந்தபோது பெரியம்மாவும் பெரியப்பாவும் இரண்டு சூட்கேசுகளோடு ஸ்கந்தபுரத்தில் எங்கள் வீட்டில் வந்து இறங்கினார்கள். அன்று பின்னேரமே முன் அறை அவர்களுடையதாகிவிட்டது. கிணற்றுத் தண்ணீரை ஒரு வாய் குடித்துவிட்டு, "உதென்ன, சேத்து மணம் மணக்குது" என்றார் பெரியம்மா. அந்தத் தண்ணீரைத்தான் அடுத்த ஆறு வருடமும் குடித்தார்.

கொஞ்ச நாளில் குசினியும் அவர் கைக்கு வந்தது. சீனி, சவர்க்காரம், மண்ணெண்ணெய் எதுவும் லேசில் கிடைக்காத காலம். எல்லாவற்றையும் அலுமாரிக்குள் வைத்துப் பூட்டித் திறப்பை இடுப்பில் செருகிக்கொண்டார். அம்மா ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசவில்லை. அக்காவைக் கண்டால் அம்மாவுக்கு இன்னமும் பள்ளிக்கூடப் பிள்ளையின் பயம். அப்பா விடியவே வயலுக்குப் போய்விடுவார். வீட்டில் சத்தம் கேட்காமல் இருந்தால் எல்லாம் சரியாக இருக்கிறது என்று நம்புகிற மனிதர் அவர். பெரியப்பா ஓய்வுபெற்ற எழுதுவினைஞர். சாய்மனைக் கதிரையில் படுத்துக்கொண்டு, அன்று உடம்பில் எந்த இடத்தில் என்ன செய்கிறது என்று அறிவிப்பதைத் தவிர அவருக்கு வேறு வேலை இருந்ததாக எனக்கு நினைவில்லை.

அந்த வருடக் கடைசியில் கிளிநொச்சிச் சனமும் இடம்பெயர்ந்து வந்து சேர்ந்தது. ஸ்கந்தபுரத்தில் மரத்துக்கு ஒரு குடும்பம் இருந்தது. எங்கள் பள்ளிக்கூடமும் மரத்தடிக்கு வந்தது. ஒரு பாயில் தோளோடு தோள் இடிக்க இருந்து படித்தோம். ஒருத்திக்குத் தொண்டை நொந்தால் அடுத்த கிழமை அந்தப் பாய் முழுவதுக்கும் நோகும். எனக்கு அப்போது பதின்மூன்று வயது. எனக்கும் நொந்தது. எச்சில் விழுங்க முடியாமல் காய்ச்சலோடு கிடந்த என்னை அப்பா ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்.

டொக்டர் நித்திரை கண்டு பல நாளானவர்போல இருந்தார். டோர்ச் லைற்றை அடித்து என் தொண்டையைப் பார்த்தார்.

"சீழ் பிடிச்சிருக்கு. பக்டீரியாக் கிருமி" என்று அப்பாவிடம் சொன்னார். "பெனிசிலின் குளிசை தாறன். பத்து நாளும் குடுக்கவேணும். ரெண்டு மூண்டு நாளிலை நோ மாறீடும். மாறீட்டுது எண்டு நிப்பாட்டிப் போடாதேங்கோ ஐயா. மிச்சக் கிருமி உள்ளுக்குத்தான் இருக்கும்."

அப்பா தலையாட்டினார். வீட்டுக்கு வந்ததும் குளிசைப் பையை அம்மாவிடம் கொடுத்தார். அம்மா பெரியம்மாவிடம் கொடுத்தார். எங்கள் வீட்டில் எல்லாப் பொருளும் போகிற வழி அதுதான்.

டொக்டர் சொன்னபடியே மூன்றாம் நாள் எனக்கு நோ இல்லை. நான் ஒரு தட்டுப் புட்டுச் சாப்பிட்டதைப் பெரியம்மா பார்த்துக்கொண்டிருந்தார்.

"உவளுக்குத்தான் மாறீட்டுதே. இனி என்னத்துக்கு மருந்தைக் கரியாக்கிறது? வீட்டில ஒராளுக்குத் தேவையெண்டால் பிறகு எங்கை தேடுறது?"

அப்பா, "டொக்டர் பத்து நாளும் எண்டு..." என்று தொடங்கினார்.

"டொக்டர்மார் அப்பிடித்தான் சொல்லுவினம். நாங்கள் யாழ்ப்பாணத்திலை எத்தினை டொக்டர்மாரைக் கண்டனாங்கள்!"

குளிசைகள் அலுமாரிக்குள் போயின. அந்த 'வீட்டில ஒராள்' யார் என்பது அடுத்த கிழமையே தெரிந்தது. பெரியப்பாவுக்குப் பல்முரசு வீங்கியது. இரண்டு குளிசை போட்டார். வீக்கம் வற்றாததால் அவருக்கு அந்த மருந்தில் மதிப்புக் குறைந்தது. ஆனாலும் தடிமன் வந்து மூக்கு ஒழுகியபோது இன்னொன்று போட்டார். கால்விரல் இடுக்கில் சேற்றுப்புண் வந்தபோது ஒன்றைச் சிரட்டையில் போட்டு இடித்து, மாவாக்கி, புண்ணின் மேல் தூவிக்கொண்டார். வயலுக்கு இறங்காத மனிதருக்குச் சேற்றுப்புண் எப்படி வந்தது என்று யாரும் கேட்கவில்லை. வெள்ளை மா ஒட்டிய விரலைக் கதிரைக்கு வெளியே நீட்டியபடி அவர் காற்று வாங்கியது இன்னும் என் கண்ணுக்குள் நிற்கிறது. என் தொண்டைக்குள் மிஞ்சியிருந்த கிருமிக்கென்று டொக்டர் தந்த மருந்து பெரியப்பாவின் சின்னவிரலில் இருந்தது.

சில கிழமைகளில் எனக்குத் திரும்பக் காய்ச்சல் வந்தது. இந்த முறை தொண்டை நோகவில்லை. முழங்கால் வீங்கிச் சூடாக இருந்தது. போர்வை பட்டாலும் உயிர் போகும். "வன்னி மலேரியா" என்றார் பெரியம்மா. நுளம்பும் காடும் தவிர இந்த மண்ணில் வேறு எதுவும் இல்லை என்பது அவர் எண்ணம். மலேரியாக் குளிசை தந்தார்கள். இரண்டு நாளில் முழங்கால் நோ குறைந்து முழங்கை வீங்கியது. பிறகு கணுக்கால். நோ ஒரு மூட்டை விட்டு இன்னொரு மூட்டுக்கு நடந்துபோனது.

"நேற்று முழங்கால் எண்டாய். இண்டைக்கு முழங்கை எண்டுறாய். நாளைக்குக் காதெண்டு சொல்லுவாய்போல" என்றார் பெரியம்மா. பிறகு என் அம்மாவைப் பார்த்து, "உவளுக்குப் பள்ளிக்கூடச் சோதனை வருகுதெல்லே. நடிப்பு. நான் எத்தினை பிள்ளையளைக் கண்டனான்" என்றார்.

பெரியம்மா பிள்ளை வளர்த்தவர் அல்ல. அவர் கண்ட பிள்ளைகள் எல்லாம் பிறத்தியார் பிள்ளைகள். அம்மா என் காலடியில் இருந்து நல்லெண்ணெய் தடவினார். தடவத் தடவ நான் கத்தினேன். அம்மா அழுதார், தடவுவதை மட்டும் நிறுத்தவில்லை. நிறுத்தினால் அக்காவுக்குக் காரணம் சொல்லவேண்டும்.

கடைசியில், நடக்கும்போது மூச்சு வாங்கத் தொடங்கியபிறகுதான், அப்பா யாரிடமும் கேட்காமல் என்னைத் தூக்கிச் சைக்கிள் கரியரில் இருத்தினார். அதை அவர் முதல் நாளே செய்திருக்கலாம்.

டொக்டர் முழங்காலையும் கணுக்காலையும் தொட்டுப் பார்த்தார். பிறகு குழாயை நெஞ்சில் வைத்து நெடுநேரம் கேட்டார். மூச்சைப் பிடிக்கச் சொன்னார், இடப்பக்கம் சரிந்து படுக்கச் சொன்னார், திரும்பவும் கேட்டார். வார்ட்டில் நிலத்தில் பாய்விரித்துப் படுக்கவைத்தார்கள். அடுத்தநாள் பெரியம்மா சூப்போடு வந்து, டொக்டருக்குத் தன்னை அறிமுகம் செய்துகொண்டார்.

"பிள்ளைக்கு முந்தி ஒருக்காத் தொண்டை நொந்ததெல்லே" என்றார் டொக்டர். "நான் தந்த குளிசை முழுக்கப் போட்டவாவோ?"

"தொண்டை மாறீட்டுது டொக்டர். பிறகேன்? மிச்சத்தைக் கவனமா எடுத்து வைச்சனாங்கள்."

"கவனமா எடுத்து வைச்சனீங்கள்."

"ஓம். நாங்கள் யாழ்ப்பாணத்திலை பெரிய பெரிய டொக்டர்மாரைக் கண்ட ஆக்கள்."

"கண்டிருப்பீங்கள் அம்மா. அவையள் சொன்னதைக் கேட்டனீங்களோ எண்டதுதான் தெரியேல்லை."

பிறகு அவர் பெரியம்மாவை விட்டுவிட்டு என் அருகில் குந்தியிருந்து எனக்கே சொன்னார். பதின்மூன்று வயதுப் பிள்ளையிடம் அப்படி நேராகப் பேசிய முதல் ஆள் அவர்தான். தொண்டையில் இருந்த கிருமியை அடிக்க உடம்பு எழும்பியது, அடி தவறி மூட்டிலும் இருதயத்திலும் விழுந்தது, மூட்டு மாறிவிடும், இருதயத்தின் வால்வில் பட்ட தழும்பு மாறாது என்றார். "இனி ஒருக்கா அதே கிருமி தொண்டைக்கு வந்தால் திரும்பவும் அதே இடத்திலை அடிவிழும். அதுக்குத்தான் பெனிசிலின் ஊசி. மாசத்துக்கு ஒண்டு. வருசக்கணக்கிலை போடவேணும். நீர்தான் நினைவு வைச்சிருக்கவேணும். வேற ஆரையும் நம்பாதையும்."

அந்த ஊசியைப் பற்றிச் சொல்லவேண்டும். சின்னக் குப்பிக்குள் வெள்ளை மா இருக்கும். தண்ணீர் விட்டுக் குலுக்கினால் கட்டிப்பால்போல ஆகும். தடித்த ஊசி. மெதுவாகக் குத்தினால் உள்ளேயே அடைத்துக்கொள்ளும். முதல்முறை, உடம்புக்கு ஒத்துக்கொள்ளுமா என்று பார்க்கக் கையில் துளி மருந்தைத் தோலுக்குக் கீழே விட்டு, தடிப்பு வருகிறதா என்று காத்திருந்தார்கள். வரவில்லை. பிறகு இடுப்புக்குக் கீழே குத்தினார்கள். பால் இறங்குவது தொடைவரை தெரிந்தது. அன்று முழுவதும் காலை இழுத்து இழுத்துத்தான் நடக்கலாம். நான் அந்த நோவை வெறுக்கவில்லை. அது எனக்காக வேலை செய்கிற நோ. வீட்டில் எனக்காக வேலை செய்த வேறு எதையும் அப்போது நான் காணவில்லை.

பெரியம்மாவின் கவலை வேறு. "பொம்பிளைப் பிள்ளை. இருதய வருத்தம் எண்டு வெளியிலை தெரிஞ்சால் ஆர் கட்டுவான்?" என்றார். நான் ஆஸ்பத்திரியால் வந்த கிழமையே அயலுக்குச் செய்தி போய்விட்டது: பிள்ளைக்கு இரத்தம் குறைவு, மாதாமாதம் சத்தூசி போடுகிறார்கள். நல்ல சாப்பாட்டுக்கு வழியில்லாத காலத்தில் அது நம்பக்கூடிய பொய். ஊசிநாளில் றோட்டால் போகாமல் வாய்க்கால் வரம்பால் போகவேண்டும் என்று கட்டளை. ஒரு பக்கத்து வீட்டு மனுசி, "பிள்ளை, உந்தச் சத்தூசியை என்ரை மகளுக்கும் போடுவிப்பமோ, அவளும் நல்லா மெலிஞ்சு போனாள்" என்று கேட்டார். பெரியம்மா சிரித்தபடி, "அது எல்லாருக்கும் கிடையாது. ஆளைத் தெரிஞ்சிருக்கவேணும்" என்றார். என் இருதயத்தில் இருந்த பழுதைக்கூடத் தன் செல்வாக்காக மாற்றத் தெரிந்திருந்தது அவருக்கு.

அம்மாவும் அந்தப் பொய்யைச் சொன்னார். அப்பா சொல்லவில்லை. யாராவது கேட்டால் எழுந்து மாட்டைக் கட்டப் போய்விடுவார்.

மருந்து வவுனியாப் பக்கமிருந்து அரசாங்க அனுமதி கிடைத்தால்தான் வரும். புளியங்குளத்தில் சண்டை நடந்த காலத்தில் ஊசி வராத மாதங்கள் இருந்தன. அப்போது டொக்டர் அதற்குப் பதிலாகக் குளிசை தருவார், ஒவ்வொரு நாளும் காலையும் பின்னேரமும் போட. நான் இப்போது குளிசைப் பையை அம்மாவின் கையில் கொடுப்பதில்லை. என் புத்தகப் பெட்டிக்குள் வைத்துப் பூட்டி, திறப்பைக் கழுத்தில் கட்டினேன். அது வீட்டில் பெரிய குற்றமாகிவிட்டது.

"பிள்ளை" என்று ஒருநாள் பெரியப்பா கதிரையிலிருந்து கூப்பிட்டார். "உந்தக் குளிசையிலை ஒண்டு தாவன். மூக்கடைச்சுக்கொண்டு கிடக்கு."

"தரேலாது பெரியப்பா."

அவருக்கு விளங்கவில்லை. காது கேட்கவில்லையோ என்று திரும்பவும் கேட்டார்.

"தரேலாது. உங்களுக்கு வந்திருக்கிறது தடிமன். தடிமனுக்கு உந்த மருந்து கேக்காது. போட்டாலும் மாறும், போடாட்டிலும் மாறும்."

பெரியம்மா குசினியிலிருந்து வந்தார். "ஒரு குளிசைக்கு இந்தப் பஞ்சமோ? பெத்த தேப்பன் மாதிரி இருக்கிற மனுசனுக்கு! இதுதான் வன்னிக் குணம்."

"ஓம் பெரியம்மா. வன்னிக் குணந்தான்" என்றேன்.

அன்று இரண்டு பேரும் சாப்பிடவில்லை. பின்னேரம் பசித்ததும் சாப்பிட்டார்கள். பெரியப்பாவின் மூக்கும் நாலைந்து நாளில் தானாகத் திறந்தது.

எனக்குப் பதினெட்டு நடந்தபோது பெரியம்மா மாப்பிள்ளை பார்க்கத் தொடங்கினார். அந்த நாட்களில் எல்லா வீடுகளிலும் அந்த வயதுப் பிள்ளைகளைக் கட்டிக்கொடுக்கப் பதைத்தார்கள். போருக்கு ஆள் கேட்டு வருகிறவர்கள் கலியாணம் முடித்த பிள்ளையை விட்டுவிடுவார்கள் என்பது நம்பிக்கை. பெரியம்மா பிடித்த மாப்பிள்ளை இடம்பெயர்ந்து மல்லாவியில் இருந்த ஒரு யாழ்ப்பாணக் குடும்பத்துப் பெடியன். அரசாங்க உத்தியோகம். "எங்கடை ஆக்கள்" என்றார், ஏதோ நாங்கள் வேறு யாரோ என்பதுபோல. அவர்கள் வருகிற நாளும் என் ஊசிநாளும் ஒன்றாக வந்தது.

"ஊசியை அடுத்த கிழமை போடு" என்றார் பெரியம்மா. "நொண்டிக்கொண்டு வந்து நிக்கப்போறியோ? ஒரு கிழமை பிந்தினால் வால்வு என்ன வெடிச்சே போகும்?"

அம்மா என்னைப் பார்த்தார். "ஒரு கிழமைதானே பிள்ளை" என்றார்.

மருந்து வந்திருக்கிறது, அடுத்த கிழமை இருக்குமோ தெரியாது என்று எனக்குத் தெரியும். இருவரோடும் வாதாடவில்லை. விடியவே சைக்கிளை எடுத்துக்கொண்டு, வரம்பால் அல்ல, றோட்டாலேயே போய் ஊசியைப் போட்டுக்கொண்டு வந்தேன். திரும்பி வரும்போது சீற்றில் இருக்க முடியவில்லை. வழிநெடுக நின்றபடியே மிதித்து வந்தேன். றோட்டில் கண்ட சனம் சிரித்தது. நானும் சிரித்தேன்.

மாப்பிள்ளை வீட்டார் பின்னேரம் வந்தார்கள். மாப்பிள்ளை, அவருடைய தாய், இன்னும் இரண்டு பேர். மாப்பிள்ளை வந்து இருந்ததும் ஒருமுறை தும்மினார். தாயின் முகம் மாறியது. மாப்பிள்ளை சேட்டுப் பொக்கற்றிலிருந்து சிவப்பும் கறுப்புமான ஒரு கப்சூலை எடுத்தார். தேத்தண்ணி வரும்வரை அதை உள்ளங்கையில் வைத்துக்கொண்டிருந்தார்.

"தம்பிக்கு உடம்பிலை நல்ல கவனம்" என்று தாய் பெருமையாகச் சொன்னார். "தும்மல் எண்டாலும் ஒரு கப்சூல் போட்டிடுவான். அதோடை நிண்டிடும். கடையிலை தெரிஞ்ச ஆளொருத்தர் ஒண்டொண்டாக் குடுப்பார்."

பெரியப்பா அதைக் கேட்டு மிகவும் ஆமோதித்தார். இனம் இனத்தைக் கண்டுகொண்ட சந்தோசம் அவர் முகத்தில் இருந்தது.

நான் தேத்தண்ணித் தட்டத்தோடு வந்தேன். காலை இழுத்து இழுத்துத்தான் வந்தேன். மறைக்க முயலவில்லை.

"காலிலை என்ன பிள்ளை?" என்றார் தாய்.

"வரம்பிலை சறுக்கிப் போனாள்" என்றார் பெரியம்மா.

"இல்லை" என்றேன். "காலமை ஊசி போட்டனான். பெனிசிலின். எனக்கு இருதயத்திலை ஒரு வால்வு பழுது. மாசாமாசம் போடவேணும்."

அம்மாவின் கை வாயருகே போய் நின்றது. தாய் என்னை விட்டுவிட்டுப் பெரியம்மாவிடம் கேட்டார், நான் அங்கே இல்லாததுபோல. "தொத்துற வருத்தமோ? பிள்ளை பெறேலுமோ?"

"தொத்தாது. பெறலாம் எண்டு டொக்டர் சொன்னவர்" என்று நான்தான் பதில் சொன்னேன்.

மாப்பிள்ளை அப்போதுதான் வாய் திறந்தார். கப்சூலை நான் கொடுத்த தேத்தண்ணியோடு விழுங்கிவிட்டு, "கலியாணத்துக்குப் பிறகு உந்த ஊசியை நிப்பாட்டேலாதோ?" என்றார்.

"நிப்பாட்டினால் என்ரை இருதயம் பழுதாகும். நீங்கள் உந்தக் கப்சூலை நிப்பாட்டினால் உங்களுக்கு ஒண்டும் ஆகாது. நீங்கள் நிப்பாட்டிப் பாருங்கோவன்."

யாரும் எழும்பிப் போகவில்லை. வடைத்தட்டு முடியும்வரை இருந்து சாப்பிட்டுவிட்டுத்தான் போனார்கள். தாய் படலையடியில் நின்று, "சாதகக் குறிப்பை இன்னொருக்காப் பாத்துச் சொல்லுறம்" என்றார். குறிப்பில் இல்லாத குற்றம் ஒன்றை எப்படிக் கண்டுபிடிப்பார்கள் என்று அறிய எனக்கு ஆசையாக இருந்தது. கண்டுபிடித்தார்கள். செவ்வாயாம்.

பெரியம்மா என்னோடு பேசுவதை நிறுத்தினார். அந்த வீட்டில் எனக்குக் கிடைத்த முதல் நிம்மதி அது. அன்று பின்னேரம் கிணற்றடியில் முகம் கழுவிக்கொண்டு நின்றபோது அப்பா மாட்டுக் கயிற்றோடு வந்து, "நல்லாத்தான் சொன்னாய்" என்றார், வீட்டுக்குள் கேட்காத குரலில். அப்பாவின் துணிச்சல் எப்போதும் வீட்டுக்குள் கேட்காத தூரத்தில்தான் நின்றது. ஆனாலும் அதற்கடுத்த ஊசிக்கு அவர்தான் என்னைக் கொண்டுபோனார். வெளியில் வாங்குப் பலகையில் இருந்துகொண்டு, கேட்டவர்களுக்கெல்லாம் உண்மையான காரணத்தைச் சொன்னார் என்று பிறகு தாதி சொன்னார்.

சண்டை நின்று பாதை திறந்ததும் டொக்டர் எழுதித் தந்தபடி இருதயத்தை ஸ்கான் பண்ணிப் பார்க்கக் கொழும்புக்குப் போனோம். அப்பாவுக்குக் கொழும்பு தெரியாது. பெரியம்மா முந்தி அங்கே இருந்தவர் என்பதால் வழிகாட்டியாக வந்தார். வழி முழுவதும் எங்களுக்கு ஒழுங்காக உடுக்கத் தெரியாது என்று சொல்லிக்கொண்டு வந்தார். இருட்டறைக்குள் என் நெஞ்சில் குளிர்ந்த பசையைப் பூசி, கருவியை வைத்து அழுத்தினார்கள். திரையில் ஒரு சின்னக் கதவு திறந்து திறந்து மூடியது. முழுவதுமாக மூடவில்லை.

"கொஞ்சம் கசிவு இருக்கு" என்றார் அங்கிருந்த தமிழ் டொக்டர். "ஆனால் கூடேல்லை. ஒழுங்கா ஊசி போட்டிருக்கிறீர். இவ்வளவு பிரச்சினைக்குள்ளை விடாமல் போட்டது பெரிய காரியம். தொடர்ந்து போடும்."

அப்பா கண்ணைத் துடைத்தார். பெரியம்மா கைப்பையை மடியில் நேராக வைத்து, முன்னுக்குச் சரிந்து, தணிந்த குரலில் டொக்டரிடம் கேட்டார்:

"டொக்டர், உந்தக் கசிவு எண்ட சொல்லை றிப்போட்டிலை போடாமல் விடேலாதோ?"

டொக்டர் பேனையைக் கையில் வைத்துக்கொண்டு அவரையே பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். நான் நெஞ்சிலிருந்த பசையைத் துடைத்துக்கொண்டிருந்தேன்.

"போடுங்கோ டொக்டர்" என்றேன். "பெரிசா எழுதுங்கோ."